கணவாயும் ஸ்க்விடும்

சென்ற பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். விலங்கியல் இளங்கலை பயின்றபோது பகுதி ஒன்று தமிழுக்காக இரண்டாண்டுகள் என் வகுப்பில் அமர்ந்தவன். (அறிவியல் மாணவர்களைத் தமிழாசிரியன் சந்திப்பது அந்த ஒரு வாசல் வழியாகத்தான். மூன்றாமாண்டில் எங்களைக் கடந்து போய்விடுகிறார்கள்.) இப்போது வடக்கே ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் நரம்பறிவியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறான். நெய்வேலி நகரியத்தின் வட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். தந்தை சுரங்கத்தில் முப்பதாண்டுகள் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர்.

என்னப்பா படிக்கிறாய் அங்கே என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன். "முதல் செமஸ்டர் பாதிக்கு மேல ஸ்க்விட்தாங்க ஐயா" என்றான். அது என்ன என்றேன். கடல் உயிரினம், முதுகெலும்பில்லாதது, மெல்லுடலி வகை என்று விலங்கியல் பாணியில் அடுக்கிவிட்டு, கைபேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். காப்பி கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் கடலூர் முதுநகர்க்காரி. "இது ஊசிக் கணவாய்தானே தம்பி? இதையா ஒரு வருஷம் படிச்சே?"

அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான். "எங்க வீட்ல மாசத்துக்கு ரெண்டு தடவை வாங்குவாங்கம்மா. நானே தோலை உரிச்சு, உள்ள இருக்கிற ஊசியை உருவிக் குடுத்திருக்கேன்."

ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல ஓர் ஆண்டு படித்திருக்கிறோம் என்று அறிய வந்தவனின் முகம் அது. அந்த முகம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

கணவாய்க்கு நரம்பறிவியலில் உள்ள இடம் சிறியதன்று. ஆபத்து வந்தால் தன் உடற்கூட்டிலிருக்கும் நீரை ஒரே வீச்சில் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாய்ந்து தப்பும் பிராணி அது. அந்தக் கட்டளை உடற்கூட்டின் தசைகளுக்கு விரைந்து போய்ச்சேர வேண்டும் என்பதற்காக அதன் உடலில் மிகத் தடித்த நரம்பிழைகள் அமைந்திருக்கின்றன. சிலவற்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரை நெருங்கும். நம் உடலின் நரம்பிழைகளோடு ஒப்பிட்டால் அது வடக்கயிறு. 1936இல் ஜே. இஸட். யங் அதன் சிறப்பை எடுத்துக்காட்டினார். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கிலேயர் 1939இல் பிளிமத் கடற்கரை ஆய்வகத்தில் அந்த இழைக்குள் நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செருகி, நரம்பில் ஓடும் மின்துடிப்பை உள்ளிருந்தே அளந்தனர். போர் குறுக்கிட்டது. மீண்டும் தொடர்ந்து 1952இல் வெளியிட்ட கட்டுரைகளில், சோடியம் உள்ளே பாய்வதும் பொட்டாசியம் வெளியேறுவதும் எப்படி ஒரு துடிப்பாகின்றன என்பதைச் சமன்பாடுகளாக்கிக் காட்டினர். அப்போது கேம்பிரிட்ஜின் கணினி பயன்பாட்டில் இல்லாததால், ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுற்றி இயக்கும் கணக்குப்பொறியிலேயே வாரக்கணக்கில் கணக்கிட்டார் என்பார்கள். 1963இல் நோபல் பரிசு கிடைத்தது.

உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தில் நரம்பறிவியலை மேல்நிலையில் படித்தாலும் இந்தச் சமன்பாடுகளைத் தாண்டித்தான் போயாக வேண்டும். என் மாணவன் சொன்ன அனுபவத்தில் பாதி எல்லா நாட்டு மாணவர்க்கும் பொதுவானது. உயிரியலிலிருந்து வருகிறவன் வகைக்கெழுச் சமன்பாட்டில் மூழ்குகிறான். இயற்பியலிலிருந்தோ பொறியியலிலிருந்தோ வருகிறவன் மூளைப் பகுதிகளின் பெயர்க்காட்டில் வழிதவறுகிறான். இருவருக்கும் நடுவில் காண்டெலின் பாடநூல் 1500 பக்கங்களுக்கு மேல் கனத்துக் கிடக்கிறது. முதல் செமஸ்டரில் அதைத் தலைக்கு வைத்துத் தூங்கியதுதான் அதிகம் என்றான். இதில் குறைசொல்ல ஏதுமில்லை. கடினமான துறை கடினமாகத்தான் இருக்கும்.

மற்ற பாதி நமக்கே உரியது. அவன் வகுப்பில் படித்த எதையும் வீட்டில் சொன்னதில்லை. சொல்ல முடியவில்லை என்பதைவிட, சொல்லலாம் என்று தோன்றவே இல்லை என்பது சரி. பாடம் ஓரிடத்திலும் அவன் வாழ்க்கை வேறிடத்திலும் இருந்தன. நடுவில் கணவாய்கூடக் கடந்து வரவில்லை.

இந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு. முதலாண்டில் அவன் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, "ஐயா, நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில ஒரு தடவை பேசணும், இதுக்கெல்லாம் தமிழ்ல என்னங்க சொல்றது" என்று நாற்பது சொற்கள் கொண்ட பட்டியலைச் சொன்னான். நான் இரண்டு இரவுகள் அகராதிகளோடு அமர்ந்து, வேர்ச்சொல் பார்த்து, புணர்ச்சி பார்த்து, நாற்பதுக்கும் நாற்பது தனித்தமிழ்ச் சொற்களை அனுப்பி வைத்தேன். எனக்கு ஒரே பெருமிதம். அவன் அவற்றில் ஒன்றையும் பயன்படுத்தவில்லை என்று இப்போது சொன்னான். "ஆங்கில வார்த்தையையாவது பிள்ளைங்க கேள்விப்பட்டிருந்தாங்க ஐயா." கேட்கக் கசப்பாக இருந்தாலும் அவன் சொன்னது உண்மை.

சொல்லாக்கத்தில் நாம் செய்யும் தவறு, பொருள் விளங்குவதற்கு முன்பே பெயர்சூட்டு விழா நடத்திவிடுவது. நரம்பு என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழந்தமிழில் அது யாழின் தந்தி. இலையிலும் நரம்பு இருக்கிறது. மருத்துவமனையில் ஊசி போட வரும் செவிலி, "நரம்பு கிடைக்கலை, கையை மடக்குங்க" என்கிறபோது அவர் தேடுவது ரத்தக் குழாயை. சுவரொட்டி வைத்தியர்களின் நரம்புத் தளர்ச்சி இன்னொரு தனி உலகம். இத்தனை பொருள்களைச் சுமந்து நிற்கும் சொல்லின் தலையில் நரம்பணு, நரம்பிழை, நரம்பிடைச் சந்தி என்று மேலும் மேலும் ஏற்றினால், மனத்தில் ரத்தக் குழாயை வைத்துக்கொண்டு பையன் மின்துடிப்பைப் பற்றிப் படிப்பான். படிக்கிறான். அந்தச் சொல் எங்கே ஏமாற்றுகிறது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும். புதிய சொல் தேவையே இல்லை.

சில சொற்கள் தாமாக வந்து பொருந்துவதும் உண்டு. நரம்பிழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. உறை இடையிடையே விட்டுப்போகும் இடங்களை நம் பள்ளிப் பாடநூல் ரேன்வியர் கணுக்கள் என்கிறது. மின்துடிப்பு கணுவுக்குக் கணு தாவிச் செல்வதால்தான் அத்தனை வேகம். கடலூர் மாவட்டத்துப் பிள்ளைக்குக் கணு என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் வண்டிகளைப் பார்த்தபடிதான் அவன் பேருந்தில் போகிறான். இந்தச் சொல்லைப் பாடநூலில் இட்டவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

எங்கள் துறையில் இன்னொரு நோயும் இருக்கிறது. அறிவியல் மாணவன் மூளை என்று வாயெடுத்தால், தொல்காப்பியர் அன்றே ஆறறிவு சொல்லிவிட்டார், மெய்ப்பாட்டியல்தான் உலகின் முதல் உளவியல் என்று மேடையேறிவிடுவோம். மெய்ப்பாட்டியல் மகத்தான நூற்பகுதி. உள்ளத்து உணர்ச்சி உடலில் தோன்றும் விதத்தைக் கவிதைக்காக வகுத்தது. சோடியம் அயனியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லும்போது இருப்பதன் மதிப்பும் குறைகிறது. அந்தப் பேச்சைக் கேட்கும் பையன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வெளியேறுகிறான். பிறகு அவனுக்குத் தமிழும் வேண்டாததாகிவிடுகிறது.

தமிழில் இது முடியுமா என்ற கேள்விக்கு வெறும் பெருமிதத்தை விட உறுதியான விடையொன்று வரலாற்றில் இருக்கிறது. சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், படித்து முடித்தவர்கள் ஊரில் தங்காமல் வேலை தேடி வெளியே போவதைக் கண்டு, 1860களில் முற்றிலும் தமிழுக்கு மாறினார். கிரேயின் உடற்கூற்றியல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872இல் தமிழில் அச்சேறியது. தலையோட்டு நரம்புகளைத் தமிழில் படித்த மாணவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள் என்பது இதன் பொருள். அவர் நடைமுறை எளிமையானது. வழக்கில் உள்ள தமிழ்ச்சொல்லை முதலில் தேடுவார். இல்லாவிட்டால் வடசொல். அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப மாற்றிக்கொள்வார். வேதியியல் நூலுக்கு அவர் வைத்த பெயர் 'கெமிஸ்தம்'. நம் தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த மாணவர்கள் அறுவை செய்தார்கள், நோயாளிகள் பிழைத்தார்கள்.

இன்று அப்படியே திரும்பிப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மேல்நிலை நரம்பறிவியல் ஆங்கிலத்தில்தான் நடக்கும், நடக்கட்டும். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல்லில், சென்னை ஐஐடியின் வி. ஸ்ரீனிவாச சக்ரவர்த்தி மூளையைப் பற்றி ஆற்றிய விரிவுரைகளை ஆர்வத்தால் சிலகாலம் கேட்டேன். தமிழ் முதுகலை மட்டும் படித்த எனக்கே பாதி புரிந்தது. நல்ல ஆசிரியர் எந்த மொழியிலும் நல்ல ஆசிரியர்தான். மூளை ஆராய்ச்சி எங்கோ தொலைவில் நடப்பதும் அன்று. 2022இல் தொடங்கப்பட்ட சென்னை ஐஐடியின் மூளை மையம், கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 நுண்சீவல்களாகப் பதிவுசெய்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகுக்குப் பொதுவாக வெளியிட்டது. நெய்வேலியிலிருந்து பேருந்தில் நாலைந்து மணி நேரத் தொலைவில் நடந்த வேலை. நான் கேட்பது சிறிய விஷயம். பாடத்தை மாணவன் ஒருமுறையாவது தன் மொழியில், தன் வீட்டாரிடம் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பை அந்தப் படிப்பே அவனுக்கு ஏற்படுத்தித் தர வேண்டும். இது மொழிப்பற்றுக்காக மட்டும் கேட்பதன்று.

வடலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தியின் அனுபவத்தைச் சொன்னால் இது விளங்கும். அவளும் இதே துறைதான். நீரிழிவு நோயாளிகளின் கால்வலி பற்றி ஒரு செய்முறைத் திட்டம். வலியை அளக்க உலகெங்கும் பயன்படும் வினாப்படிவம் ஒன்று உண்டு. மெக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்டது. நோயாளிகள் வலியைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் 78ஐத் திரட்டி 20 தொகுதிகளாக வகுத்தார். ஒரு மொழியின் வலிச்சொற்களை ஒரு விஞ்ஞானி உட்கார்ந்து அடுக்கினார் என்பதே தமிழாசிரியனான எனக்குப் பொறாமையூட்டும் செய்தி. நம் மாணவி அந்தச் சொற்களை, த்ராபிங் என்றும் லான்சினேட்டிங் என்றும், தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தாள். அவற்றில் பலவற்றைப் பேச்சில் ஒருமுறையும் கேட்டதில்லை.

மருத்துவமனையில் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தவர், நடவு வேலை செய்து காலம் கழித்த ஒரு மூதாட்டி. அவர் சொன்னதை அவள் அப்படியே எனக்குச் சொன்னாள். "பகல்ல கால்ல சீலையைச் சுத்திக்கிட்டு நடக்கிற மாதிரி இருக்கும் பாப்பா. ராவானா மொளகாயை அரைச்சுப் பூசுன மாதிரி ஆயிடும்." இவள் படிவத்தில் எரிச்சலுக்கான சொல்லைக் குறித்துக்கொண்டாள். முதல் வாக்கியத்துக்குப் படிவத்தில் இடமில்லை, விட்டுவிட்டாள். அந்த முதல் வாக்கியம் எத்தனை முக்கியமானது என்பது பாடத்தில் அடுத்த மாதம்தான் வந்தது. எரிச்சல் மெல்லிய நரம்பிழைகளின் முறையீடு. சீலை சுற்றியது போன்ற உணர்வு, தொடுதலை அறிவிக்கும் தடித்த இழைகள் அணைந்துகொண்டு வருவதன் அடையாளம். உணர்விழந்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. புண் பெரிதாகிச் சிலசமயம் காலையே எடுக்க நேரிடும். நோயாளி தன் நோயைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். படித்தவளுக்குத்தான் அதை வாங்கிக்கொள்ளப் பாத்திரம் இல்லை. அவள் இன்றும் அதை நினைத்து வருந்துகிறாள். அவள் பிழை என்று நான் கருதவில்லை.

தமிழில் வலிக்குச் சொற்கள் குறைவா? எலும்புக்குள் குடைச்சல், கெண்டைக்காலில் கடுப்பு, பொட்டில் விண்ணென்று தெறிப்பது, குத்தல், உளைச்சல், இசிவு, பிடிப்பு, காந்தல், மதமதப்பு. இவற்றில் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்தால் என் தாயார் திருத்துவார். கால்விரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்கிறது. ஒரு கணம் கழித்து வேறொரு வலி மெதுவாக எழும்பி விண்விண் என்று நின்று வேதனை தருகிறது. நரம்பறிவியல் இதை இரண்டு வகை இழைகளின் வேக வேறுபாடு என்கிறது. முதலாவது நொடிக்குப் பல மீட்டர் ஓடும். இரண்டாவது நொடிக்கு ஒரு மீட்டரளவே நகரும். காலிலிருந்து தலைவரை வந்துசேர அதற்கு நேரமாகிறது. இரண்டுக்கும் இரண்டு ஒலிக்குறிப்புகளை நம் பேச்சு முன்பே பிரித்து வைத்திருக்கிறது. இதனால் நம் முன்னோர் நரம்பிழைகளை அறிந்திருந்தார்கள் என்று யாரும் கட்டுரை எழுதப் புறப்பட வேண்டாம். அவர்களுக்கு வலித்தது, கவனித்துச் சொன்னார்கள், அவ்வளவே. அந்தக் கவனம் ஆராய்ச்சிக்கு எத்தனை பெரிய மூலதனம்!

இந்தச் சொற்களைத் திரட்டும் வேலையைத் தமிழ்த்துறைகள் செய்யலாம். வட்டார வழக்கு அகராதிகள் தொகுத்த மரபு நமக்கு இருக்கிறது. சங்க இலக்கியத்தில் உவமை என்ற தலைப்பில் ஐம்பதாவது ஆய்வேடு எழுதும் மாணவனை மருத்துவமனைத் திண்ணைக்கு அனுப்பினால், அவனுக்கும் ஊருக்கும் நல்லது. என் சகாக்கள் இதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளக்கூடும். எனக்கும் அந்த ஆய்வேடுகளில் பங்குண்டு என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

இதெல்லாம் எதற்கு, பையன் ஆங்கிலத்தில் படித்து அமெரிக்கா போகட்டுமே என்பவர்கள் உண்டு. தாராளமாகப் போகட்டும். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலிக்கிறது என்று சொன்ன நோயாளிகளின் பேச்சை நம்பிக் காது கொடுத்தவர். சாதாரணக் கண்ணாடி ஒன்றை ஒரு பெட்டிக்குள் நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தைக் காட்டி, சிலருக்கு அந்த வலியைத் தணித்தார். அவருடைய அறிவியல் எந்த நாட்டில் நடந்திருந்தாலும், அது நோயாளி சொன்ன ஒரு வாக்கியத்தில் தொடங்கியிருக்கிறது.

அன்று மாலை என் மாணவன் புறப்படும்போது வாசலில் நின்று இன்னொன்று சொன்னான். இரண்டாம் செமஸ்டரில் உடலின் கடிகாரம் பற்றிய பாடம். மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சு. பகல் வெளிச்சத்தைப் பார்த்து உடலுக்கு நேரம் சொல்வது அது. அந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் இயங்கும் முறையைக் கண்டறிந்தவர்களுக்கு 2017இல் நோபல் கிடைத்தது. வகுப்பில் எலிகளின் வரைபடங்களைக் காட்டி நடத்தினார்களாம். இவனுக்கு அப்போது எலி தெரியவில்லை. நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் ஜன்னலுக்குப் போர்வை கட்டிய அறை தெரிந்தது. இரவு ஷிப்ட் முடித்து, கண்கூசும் காலை வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து படுக்கும் அப்பா. குக்கர் விசில் வராமல் பார்த்துக்கொள்ளும் அம்மா. சத்தம் போட்டதற்காக வாங்கிய அடிகள். அப்பா கோபக்காரர் என்றுதான் அத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தானாம்.

"அவருகிட்ட சொல்லணும்னு தோணுச்சு ஐயா. எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலை."

வழி கொடுத்தது மதுரை. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் 1970களின் பிற்பகுதியிலிருந்து குகை வௌவால்களை வைத்து இந்தக் கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். வெளிச்சம் புகாத குகையில் தனியாகக் கூண்டிலிட்ட வௌவால், சுற்றியிருக்கும் கூட்டம் போய்வருவதைக் கொண்டே நேரம் அறிந்துகொண்டது. கூட்டம் இல்லாதபோது அதன் நாள் மெல்ல நகர்ந்து பிசகியது. மனிதர்களையும் கடிகாரமில்லாத அறையில் வாரக்கணக்கில் தங்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். பொங்கலன்று சாப்பிட்டு முடித்து அப்பாவோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது இந்த வௌவால் கதையைச் சொன்னானாம். ஓர் ஆங்கிலச் சொல்லும் தேவைப்படவில்லை என்றான். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டிருக்கிறார். முடிந்ததும் சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்று கேட்டாராம்.

"ஏன்டா, அந்த வௌவாலுக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாத்திப் பாத்தாங்களா?"

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"தெரியலைப்பா, படிச்சுப் பாத்துட்டு சொல்றேன்னு சொன்னேங்க ஐயா. அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."